சத்தமாகவே பாடு

வீட்டுக்கு வெளிப்பக்கம் மாடிப்படி வைத்துக் கட்டியவர் தெருவுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், இறங்கும்போது முகம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதெல்லாம் யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். மூடிக்காரர் குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அந்தப் படி சொன்னது. மீதியைக் கீழ்வீட்டு அக்கா சொல்லிவிடுவாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக:

மூடிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூடி அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்ததில் வலது காது போய்ச் சேர்ந்துவிட்டது. இடது காது, மெஷின் மாட்டியும், மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் பேசினால் சுவரிடம் சொன்ன மாதிரி.

மகன் கிட்டார்க்காரன். ராக் பாட்டுப் பாடுகிறவன். நாள் முழுக்க இயந்திரத்தின் இடியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் மனிதருக்கு அங்கேயும் இடி என்றால் எப்படி இருக்கும்? ஒருநாள் மகனுடைய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி அந்த வெளிப்படியில் உருட்டிவிட்டார். "உன் சத்தம் என் காதுல விழாம இருந்தா அதுவே போதும்டா" என்று அன்றைக்கு அவர் சொன்னதைத் தெருவே கேட்டது. மகன் கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அப்புறம் ஏறவில்லை. அவர் வாய் முகூர்த்தம், சொன்னது அப்படியே பலித்துக்கொண்டிருக்கிறது.

மகள் காது மெஷின் கடையில் சோதனை எடுப்பவள். அண்ணனோடு எப்போதாவது போனில் பேசுவாள். அவன் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வான்: அவர் வாயால் கூப்பிட்டால் வருகிறேன். அப்பாவோ, தன் காது போன விஷயம் மகனுக்குத் தெரியக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பரிதாபப்பட்டு ஒருத்தன் வீட்டுக்கு வர வேண்டாமாம். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சில் அடித்த மூடிகள்.

இவ்வளவுதான் பழைய கதை. இனி இன்றைக்கு நடந்தது.

காலையிலேயே அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப்போனாள் மகள். மருந்துக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்திருக்கிற கடை அது. உள்ளே பின்பக்கம் பஞ்சு வைத்துச் சுவர் மூடிய சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடிக்க ஒரு பொத்தான். வெளியே கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள். அவள் ஒலியை அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் மேஜையில் விளக்கு எரியும்.

விளக்கு அழகாக எரிந்தது. அதிகமாகவே அழகாக எரிந்தது.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. அப்பாவின் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தாள். ஜன்னல் வழியாக அவளுடைய கையின்மேல் இருந்தது. அவள் விரல் அசைந்தால் அவர் விரலும் அசைகிறது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற வேலையை, நரைத்த தலையை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார்.

தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒலியை அனுப்பினாள். கூட்டினாள். இன்னும் கூட்டினாள். விளக்கு எரியவில்லை.

கணினித் திரையில் இடது காதின் கோடு, போன தடவை நின்ற இடத்திலிருந்து சரிந்து கீழே போய்க் கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார். அவருக்கென்ன, கடை முழுக்கக் கண்ணாடி.

பிறகு அப்பா முன்னால் போய் உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். நிறைய இறங்கிவிட்டது, கனமான சத்தங்கள்தான் கொஞ்சம் மிச்சம், அடுத்த சோதனைக்கு வரும்போது மெஷினைப் போட்டும் பிரயோஜனம் இருக்குமா தெரியாது என்றாள்.

மூடிக்காரர் அழவில்லை, கேள்வி கேட்டார். மெக்கானிக் கேட்கிற கேள்வி.

"ஓட்டறதைக் குறைச்சா நீடிக்குமா? ஒரு மெஷினை நாள் முழுக்க ஓட விடறதுக்கும், வேலை இருந்தா மட்டும் ஓட்டறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல."

"காது அப்படி இல்லப்பா. சும்மா வச்சிருந்தாலும் போறது போகும். மிச்சம் பிடிக்க முடியாது."

தலையாட்டினார். இஞ்சினியர் சொல்வதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் போனபிறகு தன் இஷ்டத்துக்கு ரிப்பேர் பார்க்கிற தலையாட்டல் அது. மகள் அதை அப்போது கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை என்பதுதான் முதல் ஆச்சரியம். சாயங்காலம்வரை கடையிலேயே இருக்கிறேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் உங்கம்மா கத்திரிக்கோல் சத்தம் தாங்கவில்லை என்றார். அந்தக் கத்திரிக்கோலின் சத்தம் அவர் காதில் கடைசியாக விழுந்தது எந்தக் காலத்திலோ. மகள் சிரிக்கவும் முடியாமல் போய்ப் பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்தாள்.

அவர் எதற்குக் கடையில் ஒட்டிக்கொண்டார் என்பது நமக்குத் தெரியும். சாயங்காலம் தாடிக்காரர் வருகிறார்.

தாடிக்காரரைத் தெரியாதவர்களுக்கு: அவர் இணையத்தில் பேட்டி எடுப்பவர். பாட்டுக்காரர்களை எதிரில் உட்கார வைத்து மணிக்கணக்காகப் பேசவிடுவார். அவசரமே கிடையாது. ஒரு பாட்டுக்காரர் தண்ணீர் குடித்தால் அவர் குடித்து முடிக்கும்வரை கேமரா காத்திருக்கும். கிட்டார்க்காரனுடைய பேட்டி மட்டும் மூன்று பாகம் வந்துவிட்டது. நாலாவதும் கடைசியும் இன்று நேரலை. பார்க்கிறவர்கள் கேள்வி எழுதலாம்.

இந்த மூன்று பாகத்தையும் அந்த வீட்டில் மூன்று பேரும் பார்த்தாயிற்று. ஒருத்தர் பார்த்தது இன்னொருத்தருக்குத் தெரியாது என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் ஒயரைச் செருகிக்கொண்டு பார்ப்பாள். இன்னொரு காது, அவர் வரும் காலடிச் சத்தத்துக்கு. தையல் மெஷின் எதன்மேல் இருக்கிறது என்று கேளுங்கள். படியில் உருண்ட அதே ஸ்பீக்கர் பெட்டிதான். மேலே ஒரு துணியைப் போர்த்தி மேஜையாக்கிவிட்டாள். கீழ்வீட்டு அக்கா ஏதோ சாக்கில் மேலே ஏறிப்போய், என்ன பார்க்கிறாய் என்றால், சமையல் என்பாள். சமையல் பார்க்கிறவளுக்கு மூக்கு சிவக்குமா?

இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் அம்மாவுக்கு உயிர். கிட்டார் இல்லாமல் நாலு வரி பாடச் சொல்வார் தாடிக்காரர். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டுப் பாடுவான். முதல் இரண்டு வரி பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற மாதிரிதான் போகும். மூன்றாவது வரியில் குரல் நெஞ்சிலிருந்து எழும்பும். ஓரத்தில் கிழியும். கிழிந்தாலும் சுருதியை விட்டு நூலளவு நகராது. இப்படி ஒரு குரல் தன் வீட்டுக் கூரைக்கடியில் வளர்ந்தது என்று அம்மாவுக்கு அந்தப் பேட்டியைப் பார்த்துத்தான் தெரிந்தது. வீட்டில் அவன் பாடியபோதெல்லாம் அவள் செய்தது ஒரே வேலைதான்: கதவைச் சாத்தியது.

அப்பா பார்த்தது மாடிப்படிக்குக் கீழே. அங்கே அவருடைய பழைய ஸ்கூட்டர் நிற்கிறது. ஓடாது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து போனைக் கண்ணருகே பிடித்துக்கொள்வார். ஓடாத ஸ்கூட்டரில் இந்த மனிதர் மணிக்கணக்காக எந்த ஊருக்குப் போகிறார் என்று கீழ்வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பால் வாங்கப் போகிற மாதிரி ஒருதரம் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டாள். அப்படித்தான் நமக்கும் தெரிந்தது.

காது போனவருக்குப் பேட்டி எதற்கு? பாட்டுதான் அவருக்குப் பயனில்லை. பாட்டைப் போட்டால் மூட்டை மூட்டையாக இரைச்சல் கொட்டும். பேட்டியில் முகம் தெரிகிறது. கேமரா பக்கத்தில் இருக்கிறது. மகன் அவசரமில்லாமல் வாய் திறந்து பேசுகிறான். ஒரு வார்த்தை தப்பினால் விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்க்கலாம். வீட்டில் இருந்த காலத்தில் அவன் முகத்தை அவர் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததே இல்லை. என்ன, தாடிக்காரரின் உதடு தாடிக்குள் புதைந்திருக்கும். கேள்வி ஒன்றும் விளங்காது. பதிலை வைத்துக் கேள்வியை ஊகித்துக்கொள்வார்.

முதல் பாகத்தில் மகன் கிட்டாரின் தடித்த கம்பியை மாற்றிக் காட்டினான். பழையதைத் தளர்த்திக் கழற்றினான். கம்பி படுக்கிற பள்ளத்தைத் துணியால் துடைத்தான். புதியதைச் சுற்று மேல் சுற்று ஏறாமல் வரிசையாகச் சுற்றி, வால் நுனியைக் கத்தரித்து, நுனி யார் கையையும் கீறாதபடி உள்பக்கம் மடக்கினான். மூடிக்காரர் அதைப் பார்த்துத் தனக்குள் ஏதோ சொன்னார். "வேலை தெரிஞ்சவன்" என்று சொன்ன மாதிரி இருந்தது என்கிறாள் அக்கா.

அப்புறம் மகன் அந்தத் தடிக்கம்பியைத் தொளதொளவென்று தளர்த்தி, கையால் ஓர் அடி அடித்தான். இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று அவனே சொன்னான். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவானாம். வாசலில் நின்று கேட்பானாம். மூடி அடிக்கும் இயந்திரம் ஒரு கனத்த அடி, ஓர் இழுப்பு, ஓர் அடி என்று ஓடுமாம். அவன் பாட்டில் பாதி அந்த இயந்திரம்தானாம்.

மூடிக்காரர் அந்த இடத்தைப் பின்னுக்கு இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் காதைத் தின்ற இயந்திரம் அவர் மகன் கையில் பாட்டாகியிருக்கிறது. அன்றிலிருந்து அந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

சரி, சாயங்காலத்துக்கு வருவோம்.

கடையில் கூட்டமில்லை. அப்பா மெதுவாக மேஜைக்கு வந்து, பேட்டரி மாற்றுவது எப்படி என்று கடை போட்டிருக்கிற வீடியோவைப் பார்க்க வேண்டும், தன் போனில் எழுத்து பொடியாக இருக்கிறது, கடை டேப்லெட்டைக் கொடு என்றார். கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு பஞ்சு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே சத்தமாக இருக்கிறதாம். அவளுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். அவளும் அவசரத்தில் இருந்தாள். பேட்டரி டப்பாக்கள் வைக்கிற இழுப்பறையைப் பாதி திறந்து, அதற்குள் தன் போனை நிறுத்தி வைத்து, நேரலையைத் திறந்தாள்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். சனிக்கிழமை குழு மொத்தமும் கிளம்புகிறது, ஊர் ஊராகக் கச்சேரி, திரும்ப மாதக்கணக்கில் ஆகும் என்று தாடிக்காரர் சொன்னார். பிறகு அவன் அந்த இயந்திரப் பாட்டை முழுசாக வாசித்துப் பாடினான்.

தங்கை இழுப்பறைமேல் குனிந்து கேட்டாள். கேட்கும்போதே அவளுடைய தொழில் குறுக்கே வந்து நின்றது. காலையில் பார்த்த கோடு கண்ணுக்குள் இருந்தது. இதில் தடிக்கம்பியின் அடி மட்டும் அப்பாவுக்கு விழும். குரல் இருக்கிற இடத்தில் அவர் காதில் ஒன்றுமே மிச்சமில்லை. அண்ணன் பாட்டைப் போட்டால் அப்பாவுக்கு அவருடைய பழைய தொழிற்சாலைதான் கேட்கும். அந்த அடிக்கும் இன்னும் எத்தனை நாளோ.

பாட்டு முடிந்ததும் தாடிக்காரர் கேள்விகளை எடுக்க ஆரம்பித்தார். எழுதியவர் பெயரும் படமும் கேள்வியும் திரையில் அடிப்பக்கம் வரும். இரண்டு மூன்று போனது. நாலாவதாகப் பெரிய காது ஒன்றின் படம் வந்தது. பக்கத்தில் கடையின் பெயர். அவள் வேலை செய்கிற கடையின் பெயர்.

அதன்கீழே எழுதியிருந்தது: "அப்பா எழுதுவது. வீட்டுக்கு வா. வந்து ஒரு தடவை பாடு. சத்தமாகவே பாடு."

இழுப்பறை தானாக மூடிக்கொண்டது. அவள் திறந்தாள். மூடிக்காரருக்கு டேப்லெட் என்பது தெரியும், அதில் எழுதலாம் என்பது தெரியும். எழுதினால் யாருடைய டேப்லெட்டோ அவர்கள் பெயரில்தான் போகும் என்பது தெரியாது. யாரிடமும் கேட்டிருக்கவும் மாட்டார். மகனைக் கூப்பிட வேண்டும், கூப்பிடுவது வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது, போனில் பேசினால் பதில் காதில் விழாது. இப்படி ஒரு மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வாசல் கேள்வி எழுதுகிற அந்தக் கட்டம்தான். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறார்.

தாடிக்காரர் வாசித்தார். சிரித்தார். "ஒரு காது மெஷின் கடை உங்க அப்பான்னு சொல்லுதுங்க. நல்லா விளம்பரம் பண்றாங்க."

கிட்டார்க்காரனும் சிரித்தான். கிட்டாரைத் தூக்கி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான்.

"எங்கப்பாவுக்குக் காது மெஷினா? பக்கத்து ரூம்ல நான் கம்பியைத் துடைச்சாலே 'நிறுத்துடா'ன்னு குரல் வரும். அந்தக் காதுக்கு மெஷின் வேண்டாம், பூட்டுதான் வேணும். அதுலயும் பாருங்க, சத்தமா பாடுன்னு எழுதியிருக்கு. எங்கப்பா வாய்ல அந்த வார்த்தை வந்ததே இல்ல. எழுதினவங்க வேற யாரையோ நினைச்சு எழுதிட்டாங்க."

பக்கவாட்டில் எழுதுகிற கூட்டம் சும்மா இருக்குமா? நான்தான் அவருடைய அம்மா என்று ஒரு பாத்திரக் கடை எழுதியது. நான் சித்தப்பா என்று ஒருத்தர். வரிசையாகச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கினபிறகு, அவன் கிட்டாரின் தலைப்பக்கம் குனிந்து கம்பியை முறுக்கினான். குனிந்தபடியே, யாருக்கும் பதில் சொல்லாத மாதிரி சொன்னான்.

"அவர் கூப்பிட மாட்டாருங்க. கூப்பிட்டிருந்தா நான் இங்க உக்காந்து உங்ககிட்ட இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்."

தங்கை தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். பஞ்சு அறைக்குள் அப்பா திரையை மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். தன் எழுத்து திரையில் வந்ததை அவர் பார்த்துவிட்டார், அது முகத்தில் தெரிந்தது. மகன் சிரித்ததையும் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னது கிட்டாருக்குப் பின்னால் போய்விட்டது. குனிந்துகொண்டு சொன்னது தலைமுடிக்குள் போய்விட்டது. அவருடைய உதடு மட்டும் திரையைப் பார்த்து அசைந்தது. என்னடா, என்னடா என்று.

பேட்டி முடிவதற்குள் இங்கே போன் அடித்தது. அம்மா.

அம்மாவின் முதல் கேள்வி, திரையில் வந்தது உங்கள் கடைக் காதுதானே என்பது. ஆமாம் என்றாள் மகள். அம்மா அதோடு பேட்டி பார்த்ததை ஒப்புக்கொண்டவள் ஆகிவிட்டாள். அதை இருவருமே கண்டுகொள்ளவில்லை. அப்பா பேரை வைத்து எழுத உனக்கு எப்படி மனசு வந்தது, ஊரே கைகொட்டிச் சிரிக்கிறதே என்று அம்மா திட்டினாள். நான் எழுதவில்லை, அப்பாதான் எழுதினார் என்றாள் மகள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"பொய் சொன்னாலும் பொருந்தற மாதிரி சொல்லணும்டி" என்று சொல்லிவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

கட்டிக்கொண்ட மனைவியே நம்பவில்லை. அண்ணனாவது நம்புவான் என்று அவனைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தான். சுற்றிலும் ஆட்கள் பேசுகிற இரைச்சல். அவன் இன்னும் சிரிப்பில் இருந்தான்.

"எழுதறவ வேற போன்லயாவது எழுதியிருக்கலாம்ல? கடைக் காதோட வந்து நிக்கறே."

"நான் எழுதலண்ணா. அப்பா எழுதினார்."

"சரி."

"சத்தியமாண்ணா. அவருக்கு ஒரு காது போயிடுச்சு. இன்னொண்ணும் போயிட்டிருக்கு. இன்னிக்குக் காலையிலதான் சோதனை பண்ணேன். உன் பேட்டி எல்லாத்தையும் பார்க்கறார், உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறார்."

அப்பாவுக்குக் கொடுத்த சத்தியம் அந்த இடத்தில் உடைந்தது. உடைத்தும் புண்ணியமில்லை. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் குரல் மாறியது.

"உனக்கு நான் வரணும்னா நேரா சொல்லு. காது மெஷின் விக்கறவ காதுக் கதை சொல்லாதே. அவர் காது எனக்குத் தெரியாதா? அந்தக் காதுக்குப் பயந்துதான் நான் பாதி நாள் கிட்டாரைத் தொடாமயே உக்காந்திருந்தேன். அதைப் போய் போச்சுன்னு சொல்றே. வேண்டாம்டி. இதுல மட்டும் விளையாடாதே."

"இரு, அப்பா இங்கதான் இருக்கார், குடுக்கறேன்."

ஆட்கள் நிற்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று அவன் சொன்னது பாதி காதில் விழுந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு பஞ்சு அறைக் கதவுக்கு ஓடுவதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி அடித்தாள். அணைத்துவிட்டான்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.

மூடிக்காரர் டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். திரை இருட்டாகியிருந்தது. மகளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். திருட்டுத்தனமாகப் பார்த்ததையும் எழுதியதையும் மறைக்க இனி வழியில்லை என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நேராகக் கேட்டுவிட்டார்.

"என்ன சொன்னான்?"

அவளுக்கு ஒரு வழி இருந்தது. அப்பாவை உட்கார வைத்து, நாலு வார்த்தை பேசவைத்து, அந்தக் குரலைப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பலாம். அவர் வாயால்தானே கூப்பிடச் சொல்கிறான். ஆனால் அதற்கு முதலில் அவன் நம்பவில்லை என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அவனும் நம்பவில்லை, அம்மாவும் நம்பவில்லை, ஊர் சிரித்தது என்று சொல்ல வேண்டும். ஆயுசில் ஒரு தடவை இறங்கி வந்த மனிதரிடம், அந்த இறக்கம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்று உதட்டைப் பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றாள். அப்படி நிற்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

"வர்றேன்னு சொன்னான்பா."

அவர் அவள் வாயையே பார்த்தார். இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னாள்.

"சிரிச்சானே."

"சந்தோஷத்துலப்பா."

"எப்ப வர்றானாம்?"

கடைக்கு விடுமுறை என்றைக்கோ அந்த நாள்தான் அவள் வாயில் வந்தது. சனிக்கிழமை அவன் கிளம்பிவிடுகிறான் என்பது நாக்கு அசைந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஞாயித்துக்கிழமை."

மூடிக்காரர் டேப்லெட்டை மேஜைமேல் வைத்தார். இடது காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். நகத்தால் அதன் சின்னக் கதவைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்தார். இரண்டையும் சட்டை நுனியால் துடைத்து, மெஷினோடு வந்த டப்பாவில் வைத்து, மூடியை அழுத்தினார். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அது அவருடைய பழைய வேலை.

"இது இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் காதை ஓட்ட வேண்டாம். மிச்சம் இருக்கறதை வீணாக்கக் கூடாது பாரு."

"அப்பா, காலையில சொன்னேனே. மிச்சம் பிடிக்க முடியாதுப்பா."

அவர் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக் குனிந்துவிட்டார். அவள் சொன்னது முழுக்க முதுகில் விழுந்தது.

இருந்து என்னோடு ஸ்கூட்டரில் வாருங்கள் என்று சொல்ல ஓடிவந்தாள். அவர் நடந்தே போகிறவராகத் தெருவில் இறங்கியிருந்தார். முகத்தில் எந்தக் கவலையும் இல்லை. வீட்டுக்குப் போனதும் அந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேலிருக்கிற தையல் மெஷினை இறக்கி வைக்கச் சொல்லப் போகிறார் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

சாயங்கால நெரிசல். பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்தியது. விடாமல் அழுத்திக்கொண்டே வந்தது. மருந்துக் கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்காரர் மட்டும் திரும்பவில்லை. அவசரமே இல்லாமல், மிச்சமிருந்த காதில் துளியும் செலவழிக்காமல், தெருவைக் கடந்தார்.